குரலும் இசையும் ஒன்றாகப் பதியும்போது



சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயன் வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்கள் பல. எங்கே போனாலும் வானொலி கேட்கும் பழக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்துவிட்டது. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் தாங்களே வானொலி நடத்தவும் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். வேண்டியவர் வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். பாட்காஸ்ட் என்கிறார்களே, அதுதான். தமிழில் வலையொலி என்று அழகாகச் சொல்கிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை உண்டு. பேசும்போதே பின்னால் இசையும் ஒலிக்க வேண்டும். இரண்டும் அப்பொழுதே கலந்து பதிவாகிவிட வேண்டும். ஆசையில் தவறில்லை. இசை கூடவே ஒலித்தால் பேசுகிறவருக்கும் ஓர் உற்சாகம் பிறக்கும். பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டும் வேலையும் மிச்சம். அதை எப்படிச் செய்வது, எங்கே செய்யக்கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

பலர் முதலில் செய்வது இதுதான்: ஒரு கைப்பேசியில் பாட்டைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொரு கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வார்கள். பாட்டு சுவரிலும் தகரக் கூரையிலும் மோதித் திரும்பி ஒலிவாங்கிக்குள் நுழையும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசையைக் காற்று வழியே அனுப்பாமல் கம்பி வழியே அனுப்புவதுதான் முறை. இதற்குச் சிறிய கலவைப் பெட்டிகள் கிடைக்கின்றன. மிக்சர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். ஒரு துளையில் ஒலிவாங்கி, இன்னொரு துளையில் பாட்டுக் கருவி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு உண்டு. வானொலி நிலையத்து அறிவிப்பாளர் பாட்டின் முகப்பிசைமேல் பேசும்போது இசை பணிவதும், பேசி முடித்ததும் அது எழுவதும் இத்தகைய திருகுகளால்தான்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். முதலில் குரலை மட்டும் சரிபாருங்கள். அளவுமானியில் உச்சி பூஜ்யம். உரக்கப் பேசும்போது குரல் அதற்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே நின்றால் நல்லது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததைத் தைக்க வழியில்லை. பிறகு இசையைக் கொண்டு வாருங்கள். குரல் ஒலிக்கும் நேரத்தில் இசை 15 முதல் 20 டெசிபெல் தாழ்ந்திருக்கட்டும். 20 டெசிபெல் குறைவென்றால் அலையின் வீச்சு பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு குறைப்பதா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். வயது ஏற ஏற, மெல்லிய க, ச, த ஒலிகளைப் பிடிக்கும் காதின் கூர்மை குறைகிறது. இளையவர் குரலையும் இசையையும் பிரித்துக் கேட்பார். பாட்டிக்கு இரண்டும் ஒரே இரைச்சல்.

பேச்சுக்கடியில் பாடல் வரிகள் வேண்டாம். ஒரு சொல்லை இன்னொரு சொல் தின்றுவிடும். நாதசுரம், வயலின் போன்றவையும் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். நம் இளைஞர்கள் அடிக்கும் உறுமி மேளம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மிகப் பொருத்தம். நடுவே அது ஓய்வெடுக்கட்டும். சினிமாப் பாட்டைப் போட்டு இணையத்தில் ஏற்றுவதில் வேறொரு வில்லங்கமும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையாளரின் அனுமதி தேவை. கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் பையனை இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால் இந்தக் கவலை இல்லை.

கலவையைக் காதில் மாட்டும் ஹெட்போனில் கேட்டபடியேதான் பேச வேண்டும். கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். தன் குரலே பின்தங்கி வந்து காதில் விழுந்தால் எப்படிப்பட்ட பேச்சாளருக்கும் நாக்குக் குழறும்.

நேயர்களே, இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைந்தபின் அதை மறுபடி பாலாக்க முடியுமா? அப்படித்தான் இதுவும். இது புதிய சிக்கல் அல்ல. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது 1931-இல். அக்காலத்தில் நடிகர் நடித்துக்கொண்டே பாடுவார். வாத்தியக்காரர்கள் படக்கருவியின் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும். 1979-இல் ஜப்பானின் டாஸ்காம் சாதாரண ஒலிநாடாவிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் சிறு கருவியைக் கொண்டுவந்தபோது, குரலை ஒரு தடத்திலும் இசையை இன்னொன்றிலும் வைக்கும் வசதி வீட்டுக்கே வந்தது. இன்று அந்த வசதியை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே தருகிறது.

இதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் தவறினோம். எங்கள் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் சிறுமியாக இருந்தபோது, 1942 ஜனவரி 7-ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கைக் கடந்து சிலிம் ரிவருக்கு வந்தன. அதன்பின் சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பெரியம்மாவின் அப்பாவும் போனார், திரும்பவில்லை. ஒரு மாலை அவர் தாமாகவே பேச முன்வந்தார். வலையொலி அழகாக அமைய வேண்டுமென்று நாங்கள் புல்லாங்குழல் இசையைக் கூடவே ஓடவிட்டோம். அவர் தொடக்கத்தில் உரக்கப் பேசியதால் இசையையும் அதற்கேற்ப வைத்திருந்தோம். அப்பாவை லாரியில் ஏற்றிய தோட்டத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. திருகில் இருந்த கை அசையவில்லை. கதையில் ஆழ்ந்துபோன நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் அவர் காலமானார். குரலையும் இசையையும் பிரிக்கும் மென்பொருள்களால் முயன்று பார்த்தோம். குழலோசை போயிற்று, அதோடு பெயரின் முதலெழுத்தும் போயிற்று. மிஞ்சிய ஒலியை ஒருவர் ஒரு தோட்டமென்கிறார், மற்றவர் வேறொன்றென்கிறார்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். செய்தி, நகைச்சுவை, பிள்ளைகளின் அரட்டை என்றால் உடனுக்குடன் கலந்துகொள்ளட்டும். தவறினால் நாளைக்கு மறுபடி பேசலாம். முதியவர்கள் பேசும்போது இசைக் கருவியின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுகிறோம். மின்விசிறியையும் நிறுத்துகிறோம். மாலை மழை தகரத்தில் இறங்குவதற்குள், காலையிலேயே உட்காருகிறோம். பதிவானதைக் குரல் மட்டுமாக இரண்டு இடங்களில் சேமித்த பிறகே, அதன் நகல் ஒன்றை எடுத்து இசை சேர்க்கிறோம்.