ஒரு தீப்பெட்டியும் நான்கு கேள்விகளும்
(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளியல் என்பது கற்றார்க்கும் அமைச்சர்க்குமே உரியது, நமக்கு எட்டாதது என்று ஒதுங்கிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரவு செலவுத் திட்டம் வெளிவரும் நாளில் ஒருவர் வளர்ச்சி என்கிறார். மற்றொருவர் சுரண்டல் என்கிறார். கேட்பவனோ தன் கட்சி சொல்வதையே தன் கருத்தாக ஏற்றுக்கொண்டு அமைந்துவிடுகிறான். தன் வயிற்றைத் தொடும் செய்தியில் தன் மூளையைப் பிறர்க்கு ஒற்றி வைப்பது எவ்வகை அறிவுடைமை?

ஒரு சிறு தீப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு-பணி வரி 1.7.2017 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும், மற்றவற்றுக்கு 18 விழுக்காடும் வரி இடப்பட்டன. 1.4.2020 முதல் இரண்டிற்கும் ஒன்றாக 12 விழுக்காடு ஆயிற்று. நிகழ்ச்சி ஒன்றே. அதனை நால்வர் எவ்வாறு நோக்குவர் என்று பாருங்கள்.

சந்தைப் பொருளியலார் அதனை வரவேற்பர். ஒரே பொருளுக்கு இரு வரி இருந்தால் ஏய்ப்பும் வழக்கும் பெருகும் என்பது அவர் கருத்து. முன்பு நடுவணரசின் ஆயத்தீர்வை சேர்ந்த விலையின்மேல் மாநில விற்பனை வரி ஏறிற்று. எல்லை கடந்தால், கழித்துக்கொள்ள இயலாத நடுவண் விற்பனை வரியும் சேர்ந்தது. வரியின்மேல் வரி ஏறும் அந்நிலையைப் புதுமுறை பெரிதும் குறைத்தது என்பர். இது மெய்யே.

பொதுவுடைமையர் வேறு கணக்குக் காட்டுவர். கூலியாளும் ஆலை முதலாளியும் ஒரு பெட்டிக்கு ஒரே வரியைத்தான் தருகின்றனர். ஆனால் வருவாயோடு ஒப்பிட்டால் கூலியாளின் சுமையே பெரிது. ஆதலால் நேர்முக வரியே நயனுடையது என்பர். இதுவும் மெய்யே.

சிறுதொழில் செய்வார் கேட்பது மற்றொன்று. கைத்தொழிலுக்கும் பொறித்தொழிலுக்கும் இடையே இருந்த 13 விழுக்காட்டு வேறுபாடே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரக் கைத்தொழிலகங்களுக்கு வேலியாக இருந்தது. அவ்வேலி போனபின் பொறியோடு கை எவ்வாறு போட்டியிடும் என்பது அவர் கேள்வி.

மாநில உரிமை பேசுவார் நான்காவது கேள்வியை எழுப்புவர்: இதை முடிவு செய்தவர் யார்? வரி மன்றத்தில் நடுவணரசின் வாக்கிற்கு மூன்றில் ஒரு பங்கு எடை; மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுபட்டாலும் நடுவணரசு இசையாமல் ஒன்றும் நிறைவேறாது. நடுவணரசும் தனித்து எதையும் செய்ய இயலாதே என்று எதிர்த்தரப்பார் விடை கூறுவர். அவ்விடையையும் நாம் கேட்கவேண்டும். கேட்டபின் எடை போடவேண்டும்.

எடை போடுவதற்குச் சான்றுகள் உள்ளன. மாநிலங்களின் வருவாய் ஆண்டுக்கு 14 விழுக்காடு வளரும் என்று கொண்டு, குறைந்தால் ஈடு செய்வதாக ஐந்தாண்டுக்கு உறுதி தரப்பட்டது. அவ்வுறுதி 30.6.2022-உடன் முடிந்தது, ஒப்படைத்த அதிகாரமோ மீளவில்லை. மன்றத்தின் பரிந்துரை நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று 19.5.2022-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நாடெங்கும் ஒரே வகையாய்ப் பின்னப்பட்ட வரிவலையிலிருந்து ஒரு மாநிலம் மட்டும் விலகி நடப்பது எளிதன்று.

22.9.2025 முதல் முதன்மை விகிதங்கள் 5, 18 என்று இரண்டாகச் சுருக்கப்பட்டன; ஒருசில பொருள்களுக்கு மட்டும் 40. வாங்குவோர்க்கு அது மகிழ்ச்சியே. ஆனால் அதனால் குறையும் வருவாயில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிடும் மாநிலத்தின் பங்கும் அடங்கியிருக்கிறது. விலை குறைந்தது என்னும் செய்தியோடு இதனையும் சேர்த்துப் படிப்பவனே முழுமையாகப் படித்தவன்.

தோழர்களே! எந்தப் பொருளியல் கொள்கையைக் கேட்டாலும் நான்கு கேள்விகளை எழுப்புங்கள். ஆதாயம் யார்க்கு? சுமை யார்மேல்? முடிவு யார் கையில்? தந்த உறுதி எந்நாள் வரை? பேசுபவர் நம்மவராயினும் மாற்றாராயினும் இந்நான்கிற்கும் விடை தரட்டும். முதல் இரண்டிற்கும் உரத்துப் பேசிவிட்டுப் பின் இரண்டில் நழுவுவார் பலர். நழுவும் இடத்தை நோக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கேதான் நம் உரிமையும் நழுவுகிறது.