அரிசியா, ஆயிரம் ரூபாயா?



1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் பட்டிதொட்டியெல்லாம் பேசப்பட்டது ரூபாய்க்குப் படியரிசி. அந்த அரிசி முதலில் வந்து இறங்கிய ஊர்கள் இரண்டு. ஒன்று தலைநகரமான சென்னை. இன்னொன்று இந்தக் கோயம்புத்தூர். கஜானாவில் பணம் போதாமல் மற்ற ஊர்களுக்கு அப்போது அது போய்ச் சேரவில்லை. மலிவு அரிசி ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் என்ன மாற்றத்தைச் செய்யும் என்று தமிழ்நாட்டில் முதலில் பார்த்த ஊர்களில் இதுவும் ஒன்று.

அதற்கும் இரண்டு ஆண்டு முன்னால் இன்னொன்று நடந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் டெல்லியில் உணவு அமைச்சராக இருந்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்துக் கிடந்த காலம். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. விவசாயியிடம் ஆதரவு விலைக்கு வாங்குவது, கிடங்கில் சேர்ப்பது, ஏழைக்குக் குறைந்த விலையில் கொண்டு போவது என்ற சங்கிலியை அது இழுத்துக் கட்டியது. அதன் ஒரு முனையை நம் கொங்கு மண்ணின் மகன் பிடித்திருந்தார் என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்லத்தான் வேண்டும்.

இன்று கேள்வி வேறு விதமாக வந்து நிற்கிறது. அரிசியை ஏன் மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, கிடங்கில் இறக்கி, கடையில் எடை போட வேண்டும்? அதற்கு உண்டான பணத்தை ரேஷன் வாங்கும் வீட்டுப் பெண்ணின் பேங்க் கணக்கில் போட்டால் போதாதா? இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ரேஷன் அரிசி வாளையார் வழியாகக் கேரளாவுக்குக் கடத்தப்படுவதும், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை போலீசார் மூட்டை மூட்டையாகப் பிடிப்பதும் நம் மாவட்டப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. பணமாகக் கொடுத்தால் கடத்துவதற்கு மூட்டையே இருக்காதே என்று கேட்கிறார்கள்.

சரி, யாருடைய வீட்டை மனத்தில் வைத்து இதைப் பேசுகிறோம்? கொங்கு நாடு என்றதும் பஞ்சாலை, மோட்டார் பம்பு, திருப்பூர் பனியன் என்று வெளிச்சமான பக்கம்தான் கண்ணுக்கு வருகிறது. ஆனால் ஆனைமலையில் காடர், மலசர் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். சத்தியமங்கலம் மலைகளில் ஊராளிகளும் சோளகரும் இருக்கிறார்கள். சமவெளியில் தோட்டங்களை நம்பிய அருந்ததியர் காலனிகள் இருக்கின்றன. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தனியாக நாளைத் தள்ளும் வயதான பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களுடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. ஒரு குடும்பம் மாதம் 20 கிலோ வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்கடையில் சாதாரண புழுங்கலரிசி கிலோ 50 ரூபாய் என்றால் அந்த 20 கிலோவின் மதிப்பு ஆயிரம் ரூபாய். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது போகிறது. இன்றைக்கு இரண்டும் தராசில் சமமாக நிற்பது போலத் தெரியும். அரிசி கிலோ 65 ரூபாய் ஆகட்டும். ரேஷனில் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கோ 15 கிலோதான் கிடைக்கும். 2023-இல் துவரம்பருப்பு வெளியில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. ரேஷனில் அப்போதும் 30 ரூபாய்தான். விலைவாசியின் அடியை அரிசியிலும் பருப்பிலும் அரசு தாங்குகிறது. பணமாகக் கொடுத்தால் அந்த அடி ஏழையின் முதுகில்தான் விழும்.

இது வெறும் ஊகமா? கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அங்கே அரிசிப் பங்கீடு இருந்தது. 1979-இல் அதை நிறுத்திவிட்டு, ரூபாய் மதிப்பு அச்சிட்ட உணவு முத்திரைகளைக் கொடுத்தார்கள். விலை ஏறியது, முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் கரைந்தது. மிக ஏழைகளின் சாப்பாட்டின் அளவே குறைந்துபோனது. ஒரு தொகையைக் குறைக்க எந்த அரசும் சட்டம் போட வேண்டியதில்லை. அதை அப்படியே விட்டுவைத்தாலே போதும்.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி என்று ஒரு வட்டாரம். 2017 அக்டோபரில் அங்கே ஒரு சோதனை நடந்தது. ஒரு ரூபாய்க்கு வாங்கிய அரிசியைக் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். மீதி 31 ரூபாய் பேங்கில் விழும் என்றார்கள். பணம் வந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அரிசி வாங்க ஒரு நடை. எந்தக் கணக்கில் விழுந்தது என்றே தெரியாமல் அலைந்தவர்கள் பலர். 2018 பிப்ரவரியில் மக்கள் ராஞ்சிக்கு நடந்தே போய்க் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் சோதனை கைவிடப்பட்டது.

பக்கத்திலேயே புதுச்சேரி. 2015 செப்டம்பரில் அங்கே அரிசிக்குப் பதில் பணம் என்ற முறை வந்தது. ரேஷன் கடைகள் பூட்டப்பட்டன. அரிசி வேண்டும் என்ற குரல் ஓயவேயில்லை. 2024 தீபாவளிக்கு முன்பு கடைகள் மறுபடி திறந்தன. கர்நாடகத்தில் 2023-இல் அரிசி கிடைக்காத நெருக்கடியில் 5 கிலோவுக்குப் பதிலாக ஆளுக்கு 170 ரூபாய் கொடுத்தார்கள். 2025-இல் அரிசிக்கே திரும்பினார்கள்.

அதற்காகப் பணம் கூடாது என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்லவே கூடாது! அரிசியை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பேனா வாங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாது. ஏழை கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்கிற பேச்சும் தப்பு. மெக்சிகோவில் சில கிராமங்களுக்கு உணவும் சில கிராமங்களுக்குப் பணமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் சாராயத்துக்கும் புகையிலைக்கும் வாரி இறைக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உணவு போய் இறங்கிய ஊர்களில், முக்கியமாக ஒதுக்குப்புறமான ஊர்களில், மளிகைக் கடை விலையும் இறங்கியது. நம் தாளவாடிக்கும் வால்பாறைக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். மலை ஏறும் ஒரு ரேஷன் லாரி, அட்டை இல்லாதவருக்கும் விலையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. பேங்க் கணக்கில் விழும் பணத்தால் அது ஆகாது.

2011-இல் பொருளியல் அறிஞர் ரீத்திகா கேரா ஒன்பது மாநிலங்களில் சுமார் 1,200 கிராமக் குடும்பங்களைச் சந்தித்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். உணவா, பணமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் உணவே என்றன. ரேஷன் ஒழுங்காக நடந்த மாநிலங்களில் உணவையும், கடை சீரழிந்து கிடந்த பீகாரில் பணத்தையும் அதிகம் பேர் கேட்டார்கள். கடை சரியாகத் திறந்தால், எடை சரியாக இருந்தால், ஏழை அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆகவே இந்த மேடையில் வைக்கும் தீர்ப்பு இது. அரிசி அரிசியாகவே இருக்கட்டும். பணம் அதற்கு மேலே வரட்டும். விலை ஏறும்போது தானாக ஏறுகிற விதியோடு வரட்டும். உரிமைத் தொகை வந்த புதிதில் சில பேங்குகள் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அதில் கை வைத்தன, அரசு கண்டித்தது. அப்படிப் பிடிப்பதற்கு இனி எப்போதும் இடமே இருக்கக் கூடாது. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை மெஷினில் பதியவில்லை என்று ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பும் கொடுமையும் ஒழிய வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டு போகிறது. அது ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் போகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் ராகி கொடுக்கிறார்கள். ராகிக் களி தின்று வளர்ந்த கொங்குச் சீமை முழுவதும் அது கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பலர் வீட்டில் ரேஷன் அரிசி சமைப்பதில்லை. அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வேண்டாதவர்கள் வாங்கி விற்கும் அரிசிதான் வாளையாருக்குப் போகிறது. அதைக் காட்டித்தான் கடையையே மூடச் சொல்கிறார்கள். தேவைப்படாதவர்கள் இந்த மாதமே அட்டையை மாற்றிக்கொடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள், அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர் ரேஷன் கடை மாதத்தில் எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.