எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசு" என்று சங்கத்தில் சொன்னார்கள். விசா வாங்குவது பற்றிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"அண்ணா, மூணாவது வருஷத்துலேர்ந்து ஒரு கம்பெனிக்கு ஹாஸ்டல்ல உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறேன். அதே லேப்டாப், அதே வேலை, சம்பளமும் இங்கேயுள்ள பேங்க் கணக்குலதான் விழுது. அங்கே போயும் தொடரலாம் இல்லையா? கடனுக்கு வட்டியாவது கட்டிடுவேன்."

கேட்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வீட்டுப் பத்திரத்தை வைத்து அப்பா கல்விக் கடன் வாங்கியிருப்பார். ஆனாலும் "தாராளமாகத் தொடரு" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. பக்கத்திலுள்ள பரங்கிமலை அருகில்தான் 1802-இல் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தார். பின்னாளில் இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்ற பணி அங்கே பிறந்தது. சர்வே கேம்ப் போன எவருக்கும் தெரியும்: கருவி எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று குறிக்காமல் ரீடிங் எடுத்தால் அத்தனையும் வீண். வரிச் சட்டமும் விசாச் சட்டமும் அந்த ரகம்தான். கம்பெனி எந்த ஊர், பணம் எந்த வங்கி என்பதெல்லாம் அப்புறம். வேலை செய்யும் நேரத்தில் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே முதல் கேள்வி.

கிண்டியில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்தால், இந்தியக் குடிமகனுக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் அது இங்கே வரிக்கு உட்பட்ட வருமானம். அவர்கள் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள் என்பதால் கணக்கு உங்கள் தலையில். ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணையாக முன்வரி கட்ட வேண்டும். அமெரிக்கக் கம்பெனி உங்களிடம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கும். வேலை அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறது என்ற நிலைக்குப் பொருந்துவது அது. நீங்கள் அங்கே போய் உட்கார்ந்த பிறகு அந்தப் பழைய காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

இப்போது விமானம் ஏறிவிட்டீர்கள். எஃப்-1 விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே என்றால் அனுமதி வேண்டும். படிப்போடு சேர்ந்த சி.பி.டி.க்குப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஐ-20 காகிதத்தில் பதிந்து தர வேண்டும். ஓ.பி.டி.க்குக் குடியேற்றத் துறையின் அட்டை வர வேண்டும். அது 12 மாதம். நம்மைப் போன்ற பொறியியல்காரர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்க வழி உண்டு.

"நான் வேலை பார்ப்பது அமெரிக்கக் கம்பெனிக்கு இல்லையே அண்ணா" என்பீர்கள். வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் வரி எஃப்-1 விதிகளில் இல்லை. அதனால்தான் பல்கலைக்கழக அலுவலகங்கள் பெரும்பாலும் "வேண்டாம்" என்கின்றன. அனுமதியில்லாத வேலை என்று முடிவாகிவிட்டால் மாணவர் அந்தஸ்து போகும். வேறு காரணங்களால் அந்தஸ்து இழந்தவர் அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கும். மாதச் சம்பளத்துக்காக முழுப் படிப்பையும் பணயம் வைக்கலாமா?

அடுத்தது வரி. அமெரிக்க மண்ணில் செய்த வேலையின் கூலி, எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும் அவர்கள் கணக்கில் அமெரிக்க வருமானம். மாணவர்கள் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு அங்கே வரிக்கு வெளிநாட்டவர். 1040-என்ஆர் படிவம் போட வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவம் உண்டு. நம்மவருக்கு ஒரு நல்ல செய்தி: 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அந்த ஊர்க்காரர் போலவே நிலைக் கழிவை இந்திய மாணவரும் கேட்கலாம். இதைத் தெரியாமல் அதிக வரி கட்டுகிறவர்கள் உண்டு.

சம்பளத்தை இந்தியக் கணக்கில் வாங்கினால் தப்பிக்கலாம் என்பது தலைகீழ்க் கணக்கு. இந்தியாவில் பெற்ற பணம் என்பதால் இங்கேயும் கேள்வி வரும். போகிற ஆண்டு இன்னும் சிக்கல். 182 நாள் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாளும் இங்கே இருந்தாலே உள்நாட்டவர் என்ற இன்னொரு விதியும் உண்டு. வேலைக்காக வெளிநாடு போகும் குடிமகனுக்கு அந்த 60 நாள் 182 ஆகிறது. படிக்கப் போவது அந்தச் சலுகையில் தானாகச் சேர்ந்துவிடாது. ஆகஸ்டில் கிளம்புகிறவர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

எல்லா நாடும் ஒரே மாதிரி இல்லை. கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேர வரம்பு. நாட்டுக்கு வெளியே உள்ள முதலாளிக்குத் தொலைவிலிருந்து செய்யும் வேலை அந்த வரம்பில் சேராது என்று அந்த அரசே சொல்கிறது. பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர்களுக்குப் பொதுவாகப் பருவ காலத்தில் 20 மணி நேரம். சுயதொழில், ஃப்ரீலான்ஸ் கூடாது. ஆகவே டொராண்டோவில் உள்ள சீனியர் சொன்னதை டெக்சாஸில் நம்பாதீர்கள். நம் வளாகத்தில் படிக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கும் ஒரு சொல்: இந்திய மாணவர் விசாவும் வேலைக்கு அனுமதி தருவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கிளம்பும் முன் கம்பெனியிடம் கடைசி வேலை நாளை எழுத்தில் வாங்குங்கள். சென்னையில் செய்த வேலைக்குப் பணம் அக்டோபரில் வந்தால் பயமில்லை. எந்தத் தேதிவரை எங்கே வேலை செய்தீர்கள் என்பது இன்வாய்ஸில் தெளிவாக இருக்கட்டும். போனதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். ஏற்கெனவே வேலையைத் தொடர்ந்துகொண்டிருப்பவர் இருந்தால், உடனே நிறுத்திவிட்டுக் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். விண்ணப்பங்களில் பொய் மட்டும் எழுதாதீர்கள். அது பிற்பாடு பெரிதாக வந்து நிற்கும்.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் வேலையை விடத் தயங்குவது பேராசையால் இல்லை, கடனால். சங்கத்தின் உதவித்தொகையில் ஒரு பங்கை, போன முதல் ஆறு மாதச் செலவுக்குத் திருப்பித் தரும் கடனாக ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால், சட்டத்தை மதிப்பது இன்னும் சுலபம்.