வழிகாட்டியே வணிகனானால்

ஒரு பரீட்சையிலே விடைத்தாள்களைத் திருத்துபவருடைய மகனும் அப்பரீட்சைக்குத் தோற்றுகின்றான் என வைத்துக்கொள்வோம். திருத்துபவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும், ஏனைய பெற்றோர் அவர் இடும் புள்ளிகளை ஐயமின்றி ஏற்பார்களா? இணையத் தேடுபொறிகளைப் பற்றி இன்று எழுந்துள்ள வினாவும் இத்தகையதே.

தேடுபொறியாவது, நாம் நாடும் பொருள் எங்கே உளது என்று காட்டும் வழிகாட்டி. அவ்வழிகாட்டி தானும் ஒரு கடை வைத்திருப்பின், நம்மை எக்கடைக்கு அழைத்துச் செல்லும்?

பிரித்தானியாவிலே 2006ஆம் ஆண்டில் பவுண்டெம் என்னும் சிறு விலை ஒப்பீட்டுத் தளம் தோன்றியது. கூகுளின் தேடல் முடிவுகளில் தான் பின்தள்ளப்படுவதாக 2009இல் அது ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2010இல் தொடங்கிய விசாரணை 2017 ஜூன் 27ஆம் நாள் முடிவுற்றது. கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

ஆணைக்குழு கண்டது யாது? கூகுள் தன் விலை ஒப்பீட்டுச் சேவையைப் பக்கத்தின் மேற்பகுதியில், படங்களுடன் எடுப்பாக வைத்தது. பிறரைக் கீழிறக்கும் விதிகள் தன் சேவையைத் தீண்டாதவாறும் பார்த்துக்கொண்டது. போட்டியாளருள் முன்னணியில் நின்றதுங்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்திலேதான் காணப்பட்டது. மேசைக் கணினியில் தேடுவோர் அழுத்தும் இணைப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 முதற்பக்கத்துப் பத்து முடிவுகளைச் சார்ந்தவை. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 மாத்திரமே. அவ்வாறாயின், நான்காம் பக்கத்தில் இருப்பவனின் கதி சொல்லாமலே விளங்கும்.

மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். விலையையும் படத்தையும் உடனே காட்டுதல் தேடுவோருக்கு நன்மையே என்பது கூகுளின் வாதம். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இதனைப் பெரும்பாலும் ஏற்று, 2013இல் இது பற்றிய தன் விசாரணையை முடித்துக்கொண்டது. ஆனால், ஐரோப்பிய நீதிமன்றங்கள் 2021இலும் 2024இலும் தண்டத்தை உறுதிசெய்தன. 2025 செப்டெம்பரிலே, விளம்பர விற்பனையில் தன் சொந்தச் சந்தைக்கே சலுகை காட்டியதாக ஆணைக்குழு மேலும் 295 கோடி யூரோ விதித்தது. அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்வதாகக் கூகுள் அறிவித்தது.

பெரிதாய் வளர்வது குற்றமன்று. தன் பொருளைப் புகழ்வதும் குற்றமன்று. தனக்கொரு விதி, பிறர்க்கொரு விதி என வகுப்பதே குற்றம். நீதி தாமதிப்பதன் விலையையும் நாம் எண்ணுதல் வேண்டும். பவுண்டெம் தன் விலை ஒப்பீட்டுச் சேவையை 2016இலேயே நிறுத்திவிட்டது. ஆணைக்குழுவின் முடிவு வந்ததோ அதற்கு அடுத்த ஆண்டில். பெருநிறுவனத்தால் காத்திருக்க இயலும், சிறியவனால் இயலாது.

சட்டம் தன் கடமையைச் செய்க. நாமும் நமது கடமையைச் செய்வோம். தேடுபொறி ஒன்றை முதலிலே காட்டும்போது, அது சிறந்தது என்பதனால் முதலில் நிற்கின்றதா, விளம்பரம் என்பதனால் நிற்கின்றதா என்று ஒரு கணம் நோக்குவோம். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம்.