பால்வாடி ஆயாவின் பக்கம் நிற்போம்

(தாம்பரத்தில் அங்கன்வாடிப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பெற்றோர் பங்கேற்பு வேண்டும்' என்கிறார்கள். சரி. ஆனால் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் யாரால் வர முடியும்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் அம்மா அந்த நேரம் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். வராதவரை 'அக்கறையில்லாதவர்' என்று சொல்லிவிடுவது சுலபம்.

கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லலாம். அந்த மாலை யாருடையது? பால்வாடி டீச்சருடையது, ஆயாவுடையது. குழந்தைகளை எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, போஷன் டிராக்கர் செயலியில் பதிவது, போதாக்குறைக்கு வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் பிறகு அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம் இது. 50 ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. 2018இல் ஒன்றிய அரசு நிர்ணயித்தது பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசு அதற்கு மேல் சேர்த்துத் தருகிறது. இது பகுதிநேர வேலை அல்ல, இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது சாதி. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அதிகாரிகளும் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். நம் தோழர்கள் போராடிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பூட்டுப் போட வந்தவர்களும் பெற்றோர்தான். அதுவும் 'பங்கேற்பு'தான்! ஆகவே பங்கேற்பு என்றாலே நல்லது என்று நினைக்காதீர்கள். யார் பக்கம் நின்று பங்கேற்கிறோம் என்று கேளுங்கள்.

நம் புறநகரில் யாரும் பூட்டுப் போடுவதில்லை. 'பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கும்' என்று டப்பா கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா டப்பாவிலும் சாதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சில டப்பாக்களில் இருக்கிறது, அது நமக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. உங்கள் பிள்ளை ஆயா சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். மாலைக் கூட்டம் வேண்டுமென்று கேளுங்கள், அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் ஊதியத்துக்காகத் தெருவில் உட்காரும்போது, 'பால்வாடி மூடிக்கிடக்கிறதே' என்று திட்டாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜெய் பீம்.