பணக்காரத் தெருவில் கோதுமை விதைத்த அம்மா

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியர், கலைஞர் என்று சொன்னால் தூரிகை, வண்ணம், சிலை இதுதான் நமக்கு ஞாபகம் வரும். இன்று நான் சொல்லப்போகிற அம்மா மண்ணையும் விதையையும் வைத்தே படைப்பு செய்தவர். பெயர் ஆக்னஸ் டெனெஸ். 1931-ல் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஊரை விட்டு சுவீடன், அப்புறம் அமெரிக்கா என்று போக வேண்டியதாயிற்று. காகிதத்தில் வரைந்திருக்கிறார், கணக்கை வைத்துப் படம் போட்டிருக்கிறார், கவிதையும் எழுதியிருக்கிறார். ஆனா அவரை உலகம் பேசியது ஒரு வயலால்தான்.

1982-ம் வருஷம். நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் என்ற இடத்தின் தென்கோடி. இரட்டைக் கோபுரம் கட்டத் தோண்டிய மண்ணையும் கல்லையும் ஆற்றோரம் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். (அந்தக் கோபுரங்கள் 2001-ல் தகர்க்கப்பட்டதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க.) பொது இடத்தில் ஒரு கலைப்படைப்பு செய்துதரச் சொல்லி இவரைக் கேட்டபோது, இன்னொரு சிலை வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த மேட்டில் 2 ஏக்கர் கோதுமை போட்டார்.

200 லாரி மண் வந்தது. கல், குப்பை பொறுக்கி, கையாலேயே 285 சால் தோண்டி, கையாலேயே விதைத்தார்கள். களை எடுத்தார்கள், பூஞ்சாண நோய்க்கு மருந்து அடித்தார்கள், தண்ணீருக்குக் குழாய் போட்டார்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 16-ல் அறுவடை. கிடைத்தது 450 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"ரெண்டு ஏக்கருக்கு ஆறு மூட்டைதானா?" என்று யாரோ பின்னால் சிரிக்கிறீங்க. சரிதான், கல்லு மேட்டில் மேலாக மண் தூவினா வேற என்ன விளையும்? ஆனா அந்த நிலத்தின் மதிப்பைக் கேளுங்க. அன்றைக்கே 450 கோடி டாலர் என்று டெனெஸ் கணக்கு சொன்னார். பங்கு வியாபாரம் நடக்கிற வால் ஸ்ட்ரீட் பக்கத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் நிலத்தின் விலை, இன்னொரு பக்கம் அதில் விளைந்த ஆறு மூட்டை. இதில் எது பசியாற்றும் என்று அந்த ஊர்க்காரங்க முகத்துக்கு நேரே கேட்கத்தான் அந்த வயல். பெயரிலேயே 'மோதல்' என்ற வார்த்தையைச் சேர்த்தார்.

அந்தக் கோதுமை பிறகு 28 நகரங்களுக்கு, பசியை ஒழிப்பது பற்றிய ஒரு கண்காட்சியோடு போனது. மக்கள் விதையை வாங்கிப்போய் விதைத்தார்கள். வயல் இருந்த இடத்தில் இப்போது கட்டிடங்கள்தான். நம்ம பக்கத்திலும் கல் நட்டு, கலர் கொடி கட்டி, சென்ட் கணக்கில் விலை பேசுறாங்க இல்லையா, அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல நினைத்தேன்.

எனக்கு வயலைவிட அவருடைய இன்னொரு வேலைதான் ரொம்பப் பிடித்தது. பின்லாந்து நாட்டில் ஜல்லி தோண்டி வீணாய்ப் போன இடம் ஒன்று. அங்கே 38 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்றை உருவாக்கி, 1992-லிருந்து 1996-க்குள் 11,000 பைன் மரங்களை நட வைத்தார். சூரியகாந்திப் பூவில் விதைகள் சுற்றிச் சுற்றி இருக்குமே, அந்த மாதிரி வளைவு வளைவாய். நட்டவர்களும் 11,000 பேர். ஆளுக்கு ஒரு மரம்.

நட்ட ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 400 வருஷத்துக்குச் செல்லும். அதாவது சுமார் 20 தலைமுறை. மகளுக்கு எழுதி வைக்கலாம், பேத்திக்குப் போகலாம். மரத்தை மட்டும் வெட்ட முடியாது. நிலம் அவங்களுக்குச் சொந்தமில்லை, மரத்தின் மேல்தான் உரிமை. அதுக்கே கையில் காகிதம் உண்டு! நம்ம குழுக்களில் நாற்று நடாத கை ஏது? இதில் எத்தனை பேருக்குச் சொந்தப் பேரில் பட்டா இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம்.

எண்ணிட்டேன். அந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவும் தங்கள் கணக்கைக் கொண்டு வாங்க.

வயல் படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பெரிய பெரிய கட்டிடங்களுக்கு முன்னால், முற்றிய கதிர் நடுவில் அந்த அம்மா கையில் ஒரு கோலோடு நிற்கிறார். பயிர் எப்படி வந்திருக்கு என்று நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.