நீரின் நடையும் நோயின் தடமும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனமலை என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் இரண்டு காட்சிகள் எழும். ஒன்று, இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் குன்றின்மீது எடுப்பித்த தாளகிரீசுவரர் கற்றளி. மற்றொன்று, குன்றின் அருகே விரிந்து கிடக்கும் ஏரி. அக்கோயிலின் சிற்றாலயச் சுவரில், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கைவண்ணமாகிய அம்மையின் ஓவியம் காலத்தால் சிதைந்தும் எஞ்சி நிற்கிறது. அழிந்தது போக மிஞ்சிய கோடுகளைக் கொண்டே முழு உருவத்தைக் காண்பவர் மனம் வரைந்து கொள்கிறது. தடத்தைக் கண்டு உருவை உணர்தல் என்பது இதுவே. இன்றைய மருத்துவ அறிவியலும் இதே வழியில் மூளைக்குள் நீர் நடந்த தடத்தைக் கண்டு நோயின் உருவை உணர்கிறது. அக்கலையின் பெயர் விரவல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமம். மருத்துவமனைகளில் 'டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.' என வழங்கப்பெறுவது அதுவே.

இலக்கிய மன்றத்தில் இப்பொருள் எதற்கு என்னும் ஐயம் எழலாம். 'விரவு' என்பது தமிழுக்குப் பழஞ்சொல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் எனத் தொல்காப்பிய மரபு வழங்கும். ஒன்றோடொன்று கலந்து பரவுதலே விரவல். அப்பழஞ்சொல் இன்று அறிவியல் பாடநூல்களில் நீரின் நடையைக் குறிக்க வந்து நிற்பது தமிழின் ஆற்றலுக்குச் சான்றாகும். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பக்கவாதம் என்னும் நோய் ஊர்தோறும் குடும்பங்களைச் சாய்த்து வருகிறது. அந்நோயில் காலத்தின் அருமையை உணர்த்துவது கற்றோர் கடமை.

அசையா நீரின் அசைவு

காற்றில்லாத விடியற்பொழுதில் ஏரி நீர் கண்ணாடிபோல் அசைவற்றுத் தோன்றும். உண்மையில் அந்நீரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாது அலைந்து கொண்டிருக்கிறது. 1827 ஆம் ஆண்டு இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் இடைவிடாது துள்ளுவதை உருப்பெருக்கியின் வழியே கண்டார். துள்ளலின் காரணத்தை 1905 இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதுவதே துகள்களின் ஆட்டத்திற்குக் காரணம்.

இவ்வலைச்சலில் ஒரு நுட்பம் உண்டு. கால் போன போக்கில் நடப்பவன் இருமடங்கு தொலைவு விலகிச் செல்ல வேண்டுமாயின் நான்கு மடங்கு காலம் நடக்க வேண்டும். இத்தகைய நடையின் கணிதத்தை விரிவாக ஆராய்ந்தோருள் தமிழர் ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார் என்பது பெருமைக்குரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930 இல் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். விண்மீன் ஆய்வுக்காக 1983 இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1943 ஆம் ஆண்டு வெளியிட்ட நெடுங்கட்டுரை ஒன்றில் தற்போக்கு நடையையும் பிரௌனியன் இயக்கத்தையும் ஒருசேர ஆராய்ந்தார். விண்மீன்களின் நடைக்கும் நீர்த்துளியின் நடைக்கும் கணக்கு ஒன்றே என்பது வியப்பளிப்பதாகும்.

காந்தமும் பம்பரமும்

மனித மூளையில் முக்கால் பங்களவு நீரே. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் வைக்கப்படும்போது அது சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடுகிறது. ஸ்கேன் பொறிகளில் பரவலாகக் காணப்படும் 1.5 டெஸ்லா காந்தத்தில் இத்தலையாட்டம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை நிகழ்கிறது. காந்தம் வலுத்தால் ஆட்டம் விரையும்; தளர்ந்தால் ஆட்டமும் தளரும். இந்த ஓர் உண்மையே இக்கலை முழுமைக்கும் அடித்தளம்.

எர்வின் ஹான் என்னும் இயற்பியல் அறிஞர் 1950 இல், சிதறிப்போன பம்பரங்களின் ஆட்டத்தை வானொலி அலையால் திருப்பி மீண்டும் ஒன்றுசேரச் செய்து, 'எதிரொலி' எழுப்பலாம் எனக் கண்டார். நீர்ம மூலக்கூறுகள் இடம்பெயர்வதால் அவ்வெதிரொலி மங்குகிறது என்பதையும் அவரே சுட்டினார். மறு ஆண்டில், அதாவது 1951 இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன், ஓடும் நீர்மத்தில் அணுக்கரு ஒத்ததிர்வை அளந்து கட்டுரை வெளியிட்டார். பாயும் நீரைக் காந்தத்தின் துணையால் அறியும் முயற்சியில் அதுவும் முன்னோடியான ஒன்று.

கோலாட்ட வரிசை

1965 இல் ஸ்டெஸ்கல், டேனர் என்னும் இருவர் வகுத்த முறையே இன்றும் நிலைத்துள்ளது. அதனைக் கோலாட்டத்தால் விளக்கலாம்.

நீண்ட வரிசையில் ஆடுவோர் அனைவரும் அவையை நோக்கி நிற்கின்றனர். ஆசான் ஒரு கட்டளை இடுகிறார்: அவரவர் நிற்கும் இடத்தின் எண்ணுக்கேற்ப வலப்புறம் திரும்புக. முதலிடத்தவர் ஒரு பங்கும், இரண்டாம் இடத்தவர் இரு பங்கும், பத்தாம் இடத்தவர் பத்துப் பங்கும் திரும்புகின்றனர். வரிசை சிதறுண்டு ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு திசையில் நிற்கிறது. சிறிது நேரம் கழித்து இரண்டாம் கட்டளை எழுகிறது: இப்போது நிற்கும் இடத்தின் எண்ணுக்கேற்ப இடப்புறம் திரும்புக. இடையில் எவரும் இடம் மாறாதிருந்தால் அனைவரும் பழையபடி அவையை நோக்குவர். இடம் மாறியவர் முகம் மட்டும் கோணி நிற்கும். மாறியோர் மிகுந்தால் வரிசையின் பொலிவு குன்றும்.

புரோட்டான்களுக்கு இடப்படும் இவ்விரு கட்டளைகளே இரண்டு காந்தச் சரிவுத் துடிப்புகள். ஒரு முனையில் காந்தம் வலுத்தும் மறுமுனையில் தளர்ந்தும் இருக்குமாறு செய்வதே சரிவு. அசையாத நீர் ஒளிரும்; அலைந்த நீர் மங்கும். துடிப்புகளின் வலிமையையும் இடைவெளியையும் ஒருசேரக் குறிக்கும் அளவை 'பி மதிப்பு' என்பர். மூளைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் மதிப்பு 1000.

அம்மதிப்பில், தொடக்க ஒளி 100 எனக் கொண்டால், மூளையின் குழிகளில் தடையின்றி உலவும் நீரின் ஒளி 5 அளவுக்குக் குறைகிறது. நலமான மூளைத் திசுவில் ஏறத்தாழ 45 எஞ்சுகிறது. குருதி தடைப்பட்ட திசுவில் 67 அளவுக்கு எஞ்சக்கூடும். இவ்வேறுபாட்டைத் தரும் நீரின் நடையோ மிகச் சிறிது. 50 மில்லிநொடியில் மூளைத் திசுவின் நீர் ஒரு திசையில் கடக்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. உயிரணு ஒன்றின் அளவை ஒத்த அந்நடையை உடலுக்கு வெளியே நின்று அளக்கும் திறம் போற்றத்தக்கது.

நோயுற்ற மூளையில் நேர்வது

இம்முறையை உயிருள்ள மூளையின் படமாக்கியவர் பிரான்சு நாட்டு மருத்துவரும் இயற்பியல் அறிஞருமான டெனி லெ பிஹான். அவருடைய முதல் கட்டுரைகள் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1990 இல் மைக்கேல் மோஸ்லியும் உடன் ஆய்ந்தோரும் பூனைகளின் மூளைக் குருதிக் குழாயை அடைத்துச் செய்த ஆய்வு இக்கலையின் பயனை உலகுக்கு உணர்த்தியது. குழாய் அடைபட்ட முக்கால் மணி நேரத்திலேயே விரவல் படம் கேட்டினைக் காட்டியது. வழக்கமான படமோ இரண்டு மூன்று மணி நேரம் கழிந்தும் தெளிவாகக் காட்டவில்லை.

இதன் காரணம் எளிது. ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் புகும் உப்பை ஓயாது வெளியேற்றிக் கொண்டே இருக்கிறது. குருதி நின்றால் அதற்கான ஆற்றல் நிற்கும்; உப்பு உள்ளே தேங்கும்; உப்பைத் தொடர்ந்து நீரும் புகும். உயிரணுக்கள் வீங்கி, அவற்றின் இடையே உள்ள சந்துகள் நெருக்குண்டு போகும். திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவன் நடக்க வழியின்றி நிற்பதுபோல் நீரின் நடை தளர்கிறது. தளர்ந்த நீர் படத்தில் வெண்மையாகச் சுடர்கிறது.

ஆயினும் வெண்மையெல்லாம் பக்கவாதம் அன்று. பழைய புண்ணில் நீர் தேங்கினாலும் வெண்மை தோன்றும். சீழ்க்கட்டியும் வெண்மையாகத் தோன்றும். ஆகவே நீரின் நடையை எண்ணாகக் கணக்கிட்டு வரையும் துணைப்படம் ஒன்றையும் மருத்துவர் உடன் வைத்து நோக்குவர். முதற்படத்தில் ஒளியும் துணைப்படத்தில் இருளும் ஒரே இடத்தில் அமைந்தால் நீரின் நடை மெய்யாகவே தளர்ந்தது என்பது துணிபு. அதன் பின்னரே நோயாளியின் குறிகளோடு பொருத்திப் பார்த்து இன்ன நோய் என முடிவு செய்வர். ஒரு பாடத்தை மற்றொரு சுவடியோடு ஒப்புநோக்கிய பின்னரே பதிப்பாசிரியர் முடிவு கூறுவது போன்றது இது.

உறக்கத்தில் வந்த நோய்

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியின் நிலை, பிணியின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துள்ளார். பக்கவாதத்தில் காலமே முதன்மை பெறுகிறது. பெருங்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006 இல் வெளிவந்த கணக்கு கூறுகிறது. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கிய 3 மணி நேரத்திற்குள் பயன் தரும் என 1995 ஆம் ஆண்டு ஆய்வும், நாலரை மணி நேரம் வரை பயன் தரும் என 2008 ஆம் ஆண்டு ஆய்வும் நிறுவின.

ஊர்ப்புறத்து உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தவர் விடியலில் எழும்போது வலக்கை தூக்க வரவில்லை, வாய் கோணியிருக்கிறது, மனைவியை அழைக்க முயன்றால் பேச்சுக் குழறுகிறது. நோய் வந்தது பதினோரு மணிக்கா, நான்கு மணிக்கா? அறிந்தவர் எவரும் இலர். நெடுங்காலம் இத்தகையோருக்கு, நேரம் தெரியவில்லை என்னும் ஒரே காரணத்தால் அம்மருந்து மறுக்கப்பட்டு வந்தது.

அந்நேரத்தைச் சொல்லும் சாட்சியாக நீரே வந்து நின்றது. விரவல் படம் சில நிமிடங்களில் நோயைக் காட்டும். 'ஃபிளேர்' என்னும் மற்றொரு படம் அதே நோயைக் காட்டப் பல மணி நேரம் எடுத்துக் கொள்ளும். முதற்படத்தில் கேடு தெரிந்து இரண்டாம் படத்தில் தெரியாவிட்டால், நோய் வந்து ஏறத்தாழ நாலரை மணி நேரத்திற்கு உட்பட்டதே எனக் கொள்ளலாம். இவ்வடிப்படையில் ஐரோப்பாவில் 503 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2018 இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 53 பேரும், பெறாதோரில் 42 பேரும் மூன்று மாத முடிவில் நன்னிலை எய்தினர். மருந்தால் மூளையில் குருதி கசியும் இடரும் சற்று மிகுந்திருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. எனினும், நூற்றில் பதினொருவர் தம் கையால் உண்ணவும், தம் காலால் நடக்கவும், தம் பேரக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கவும் வழி பிறந்தது என்பது சிறு செய்தி அன்று.

வாய்க்காலும் நரம்பும்

ஏரியில் எப்பக்கமும் அலையும் நீர், மதகைக் கடந்து வாய்க்காலில் இறங்கியபின் கரைகளின் வழியே நெடுக ஓடுகிறது. குறுக்கே செல்ல இயலாது. மூளையின் நரம்பு இழைகளிலும் நீரின் நடை அவ்வாறே. இழையின் நெடுகே எளிது, குறுக்கே அரிது. பல திசைகளில் நடையை அளந்தால் வாய்க்கால் ஓடும் திசை விளங்கும். பீட்டர் பேசரும் உடன் ஆய்ந்தோரும் 1994 இல் இதற்குரிய கணிதத்தை வகுத்தனர். மூளைக் கட்டியை அறுக்கும் மருத்துவர் பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய நரம்புப் பாதைகளை முன்கூட்டியே அறிந்து விலகிச் செல்ல இப்படங்கள் துணைபுரிகின்றன.

நிறைவாக

இத்தகைய பொறி எல்லா ஊரிலும் இராது. எல்லா நோயாளிக்கும் முதலில் தேவையும் இல்லை. மூளையில் குருதிக் கசிவு உண்டா என்பதை விரைந்து அறிய சி.டி. ஸ்கேன் போதுமானது, எம்.ஆர்.ஐ. கிடைக்கும்வரை காத்திருந்து காலத்தை இழப்பதும் பிழையே. விழுப்புரம் மாவட்டத்திற்கென முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 இல் தொடங்கப்பெற்றது. 108 அவசர ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. ஆயினும் வாய் கோணியவரைக் காற்றுப் பட்டது எனப் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, மாலை வரை பார்க்கலாம் என இருந்துவிட்டால் எந்தப் பொறியும் இழந்த மூளையை மீட்டுத் தராது.

வாய் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் அந்நொடியே ஊர்தியை அழைத்தல் வேண்டும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தை உடன் இருப்பவர் நினைவிற் கொண்டு மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அந்த ஒரு செய்தி பல நேரங்களில் மருந்தையே முடிவு செய்யும். மன்றத்தினர் தத்தம் தெருவில் பத்துப் பேருக்கு இதனைச் சொன்னால், பத்தாண்டுத் தமிழ்ப்பணியில் இதுவும் ஒரு பணியாக நிற்கும்.

பனமலைச் சுவரில் அழிந்த வண்ணத்தை மீண்டும் தீட்டுவார் இலர். எஞ்சியதைக் காப்பதே இயல்வது. மூளையும் அத்தகையதே. எஞ்சியதைக் காக்கும் காலம் மணிக்கணக்கில்தான் உள்ளது. அக்காலத்தைக் கைநழுவ விடாதிருப்போமாக.